வண்ணத்துப்பூச்சி வளர்ப்பும் அச்சம் நீங்கலும்

(நாலந்தாவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிற் பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் எம்மை அழைத்தபொழுது, எப்பொருள் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றும் கேட்டார். "புழுவைப் பற்றி" என்றோம். அவர் சிறிது நேரம் வாய் திறவாது நின்றார். பின்பு, "ஐயா, பேச்சு முடிந்தவுடன் சாப்பாடு இருக்கிறது" என்று மெல்லச் சொன்னார். அவர்மீது குறையில்லை. புழு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மிற் பலருக்கு உடல் கூசுகிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது, அது போக வழியுண்டா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். வழியுண்டு என்பதை எமது அனுபவத்தில் அறிந்தோம். கறிவேப்பிலைச் செடியின் அடியில் நின்று அதனைக் கற்றோம்.

நாம் அஞ்சிய கதை

முதலில் எமது வெட்கத்தைச் சொல்லிவிடுகிறோம். பிறந்து வளர்ந்தது வடக்கில். எங்கள் வளவில் நாலைந்து முருங்கை மரங்கள் நின்றன. மாரி காலத்தில் அம்மரங்களின் அடியில் மசுக்குட்டிகள் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். மலைநாட்டிலே கம்பளிப்பூச்சி என்பீர்களே, அதுதான். பெரியவர்கள் தென்னோலைச் சூள் கொளுத்தி அவற்றைச் சுடுவார்கள். ஒருநாள் மரத்தின் கீழ் விளையாடிக்கொண்டிருந்தபொழுது ஒன்று எமது முதுகில் விழுந்தது. சட்டையைக் கழற்றுவதற்குள் உடலெங்கும் தடித்துவிட்டது. அன்று முதல், மயிர் உள்ளதோ இல்லாததோ, பச்சையோ கறுப்போ, நெளிந்து ஊரும் எதனைக் கண்டாலும் எமக்கு நடுக்கம். மரவட்டைக்கு அஞ்சினோம், மண்புழுவுக்கும் அஞ்சினோம்.

வளர்ந்து ஆசிரியராகி மலைநாட்டுக்கு வந்த பின்பும் அந்நடுக்கம் எம்மை விடவில்லை. ஒருநாள் வகுப்பிலே கரும்பலகையின் கீழ்ச் சட்டத்தில் ஒரு பச்சைப்புழு ஊர்ந்தது. கையிலிருந்த வெண்கட்டியை எறிந்துவிட்டுக் கதிரைமேல் ஏறி நின்றோம். முப்பது பிள்ளைகளும் ஒருசேர அலறினார்கள். ஒருவன் ஓடிவந்து புழுவைச் செருப்பால் மிதித்துவிட்டான். சிறிது நேரத்தில் வகுப்பு அடங்கியது. பாடம் தொடர்ந்தது.

ஆனால் மறுநாள் ஒரு சிறுமி சன்னலோரத்துத் தன் இடத்தில் உட்கார மறுத்துவிட்டாள். "புழு வரும் சேர்" என்றாள். அதற்கு முன்பு அவள் புழுவுக்கு அஞ்சியவள் அல்லள். அவளுக்கு அந்த அச்சத்தைக் கொடுத்தவர் யார்? நாமேதான். எழுத்தும் எண்ணும் கற்பிக்கச் சென்ற நாம், கேளாமலே அச்சத்தையும் கற்பித்துவிட்டோம். எழுத்தைப் பலமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும். அச்சத்திற்கு ஒரே ஒரு தடவை போதும். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அச்சத்தின் இயல்பு

கயிற்றைப் பாம்பென்று எண்ணி அஞ்சியவனின் கதையை நம் வேதாந்த நூல்கள் எடுத்தாளுவதை நீங்கள் அறிவீர்கள். விளக்குக் கொண்டு பார்த்தவுடன் பாம்பு போய்விடுகிறது; கயிறே எஞ்சுகிறது. ஆனால் எமது அனுபவத்தில் ஒன்று கண்டோம். "இது கடிக்காது, பயப்படாதே" என்று வாயாற் சொல்வது விளக்கு ஆகாது. எம்மிடம் எத்தனையோ பேர் அப்படிச் சொன்னார்கள். அறிவு ஒப்புக்கொண்டது, உடல் ஒப்புக்கொள்ளவில்லை.

மேனாட்டு உளநூலாரும் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலுக்கு அஞ்சிய ஒரு சின்னஞ்சிறு பையனுக்குச் செய்த மருத்துவத்தை 1924ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். நூலில் அப்பையனின் பெயர் பீற்றர். அவன் தனக்கு விருப்பமான உணவை உண்ணும் வேளையில், முயலைக் கூட்டில் வைத்துத் தூரத்தே கொண்டுவந்து நிறுத்துவார். மறுநாள் சிறிது அருகே. அதன் மறுநாள் இன்னும் அருகே. முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளையும் உடன் விளையாட விடுவார். முடிவில் பீற்றர் முயலைத் தடவிக் கொடுத்தான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை, ஏளனமும் செய்யவில்லை. படிப்படியாகப் பழகியதே மருந்து.

இன்னொரு செய்தியும் உண்டு. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ச்டவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு மணத்தை முகரச் செய்து, அதே வேளையில் இலேசான மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். புழுக்கள் அந்த மணத்தை வெறுத்து ஒதுங்கக் கற்றன. வளர்ந்த நிலையில் இவ்வாறு கற்ற புழுக்கள், கூடு கட்டி, உருமாறி, இறகு முளைத்து வெளிவந்த பின்பும் அந்த மணத்தை விட்டு ஒதுங்கின! புழுவாய் இருந்தபோது கற்ற அச்சம், உடலே மாறிய பின்பும் போகவில்லை. அப்படியானால் சிறு வயதில் நம் பிள்ளைகளுக்கு நாம் ஊட்டும் அச்சம் எத்தனை காலம் அவர்களுடன் செல்லும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கறிவேப்பிலைச் செடி

நாலந்தாவுக்கு வந்து குடியிருந்தபொழுது, வீட்டின் பின்புறம் குசினிக்கு அருகே ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது. ஒரு காலை, கரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று அச்செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, தளிரிலே வயிற்றை வளைத்துத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. அருகே சென்று பார்த்தோம். தளிரின்மேல் கடுகினும் சிறிய, வெளிர்மஞ்சள் நிறமான உருண்டை ஒன்று முத்துப்போல் ஒட்டியிருந்தது. முட்டை! முட்டைக்கு எவராவது அஞ்சுவரோ? எமக்கும் அச்சம் வரவில்லை. "இதிலிருந்து தொடங்குவோம்" என்று முடிவு செய்தோம். பீற்றருக்கு முயல் தூரத்தில் நின்றது. எமக்குப் புழு முட்டைக்குள் நின்றது.

அந்தக் கொப்பை முறித்து, நீர் நிரப்பிய சிறு போத்தலில் நிறுத்தி, போத்தலின் வாயைப் பஞ்சினால் அடைத்தோம். அடைக்காவிட்டாற் புழு நீரில் இறங்கி மாண்டுபோகும். போத்தலை ஒரு கடதாசிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் வாயைப் பழைய நுளம்பு வலைத் துண்டினால் மூடிக் கட்டினோம். அடியிற் செய்தித்தாள் விரித்தோம். எறும்பு ஏறாதிருக்கப் பெட்டியை நீர்த்தட்டின் நடுவில் ஒரு கல்லின்மேல் வைத்தோம். செலவு ஒரு சதமும் இல்லை.

மூன்று நாள் சென்று முட்டை கருத்தது. நாலாம் நாட் காலை, ஒரு மயிரிழை அளவான உயிர் வெளிவந்து, முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டையே தின்றது. அஞ்சுவதற்குக்கூட அதில் இடமில்லை, அவ்வளவு சிறியது. நாளொன்றாக அது வளர்ந்தது. நாளொன்றாக எமது கண்ணும் பழகியது. தொடக்கத்தில் அது பறவையின் எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாய் இருந்தது. அந்த வேடத்தைக் கண்டு பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. நான்கு முறை சட்டை உரித்த பின் இலைப்பச்சை நிறமாயிற்று. தோளின்மேல் இரு பெரிய கண்கள் தோன்றின. அவை கண்களல்ல, கண்ணைப்போற் காட்டும் புள்ளிகள். மெய்யான தலை அதற்கும் கீழே, சிறிதாய் மறைந்திருக்கிறது. அதன் மெய்க்கண்கள் வெளிச்சத்தையும் இருளையும் அறிவதற்கு மேல் அதிகம் காணா.

ஒருநாள் இலை மாற்றும்பொழுது தவறுதலாக விரல் பட்டுவிட்டது. உடனே அது தலையைத் தூக்கி, தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறமான இரட்டைக் கொம்பை நீட்டியது. கடுமையான நாற்றம் வீசிற்று. நாம் பின்வாங்கினோம். அதுவும் பின்வாங்கியது. அப்பொழுதுதான் உண்மை விளங்கியது. போலிக் கண், கொம்பு, நாற்றம் எல்லாம் யாருக்காக? எறும்புக்கும் பறவைக்கும் பல்லிக்கும் அஞ்சிய ஓர் ஏழை உயிரின் பாதுகாப்பு அது. அதற்குக் கொடுக்கில்லை, நஞ்சில்லை. எமக்கும் புழுவுக்கும் நடுவில் நின்ற அச்சத்திற் பெரும்பங்கு புழுவினுடையதே! சிரிப்பு வந்தது. சிரித்த அந்தக் கணத்தில் எமது நாற்பது ஆண்டு நடுக்கம் பாதி போயிற்று.

மீதிப் பாதி ஒரு வாரத்திற் போனது. முதலில் இலையோடு எடுத்தோம், பின்பு குச்சியோடு, பின்பு உள்ளங்கையில் ஏறவிட்டோம். அதன் கால்களில் நுண்ணிய கொளுக்கிகள் உண்டு. அவை தோலைப் பற்றும்போது சிறு பிசின் ஒட்டுவது போலிருக்கும். அது கடியன்று, நடை.

பிள்ளைகள் வந்தனர்

செய்தி பரவிற்று. அயலிலுள்ள பிள்ளைகள் மாலையில் வந்து பெட்டியைச் சுற்றி நிற்கத் தொடங்கினர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வாசலுக்கு அப்பால் நின்றே எட்டிப் பார்ப்பாள். வீட்டிலே கறிவேப்பிலை பறித்துவரச் சொன்னால் இவள் மறுப்பாளாம். பாட்டியிடம் திட்டு வாங்குவாளாம். அண்ணன்மார் கயிற்றுத் துண்டை அவள் மடியிற் போட்டுச் சிரிப்பார்களாம். அவளை உள்ளே வா என்று நாம் அழைக்கவில்லை. "நாளைக்கு இலை வேண்டும், கொண்டு வருவாயா?" என்று மட்டும் கேட்டோம்.

மறுநாள் கொண்டுவந்தாள். செடியிலிருந்து அன்று, சந்தையில் வாங்கிய கட்டு. நாமும் சிந்தியாமல் அதனையே போட்டோம். பொழுது விடியமுன் ஐந்து புழுக்களில் நான்கு கறுத்துச் சுருண்டு கிடந்தன. பூச்சிநாசினி தெளித்த இலை என்பது பின்னரே எமக்கு உறைத்தது. புழு உண்டு மாண்ட அதே இலையைத்தான் நாம் குழம்பிலும் சம்பலிலும் இடுகிறோம் என்பதை நினைத்தபொழுது, புழுவைவிட அஞ்சவேண்டியது எது என்ற கேள்வி எழுந்தது.

அச்சிறுமி அழுதாள். தன்னால் இறந்தன என்று அழுதாள். நேற்றுவரை புழுவென்றால் ஓடியவள், இன்று புழு இறந்தது என்று அழுகிறாள்! குற்றம் எம்முடையது என்று அவளுக்குச் சொன்னோம். எஞ்சிய ஒரு புழுவுக்கு இலை வேண்டுமே என்றோம். அவள் வீட்டுக்கு ஓடினாள். தன் பாட்டி வளர்த்த செடியிலே, தானே கைவிட்டு, தானே பறித்து, பாவாடை மடியில் கொண்டுவந்து கொட்டினாள். அஞ்சிய உயிருக்கு உணவூட்டும் பொறுப்பைக் கையேற்ற நாளில் அவளது அச்சம் கரையத் தொடங்கிற்று. புழுவுக்குத் தன்னாலொழிய உணவில்லை என்று தெரிந்த பின் அவளால் வாசலுக்கு அப்பால் நிற்க முடியவில்லை.

கூடும் கெடிகேயும்

ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் தின்று தீர்த்த புழு, ஒருநாள் உண்பதை நிறுத்தி, இடந்தேடி அலையும். பின்பு ஒரு குச்சியிலே வாலை ஒட்டி, நடுவுடலைச் சுற்றி ஒரு பட்டிழை கட்டி, அதிற் சாய்ந்துகொள்ளும். அடுத்த நாள் தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். பச்சைக் கொப்பில் ஒட்டினாற் பெரும்பாலும் பச்சைக் கூடு. காய்ந்த குச்சியாயிற் பழுப்புக் கூடு.

"உள்ளே தூங்குகிறதா சேர்?" என்று பிள்ளைகள் கேட்டனர். தூங்கவில்லை. உள்ளே புழுவின் உடலிற் பெரும்பகுதி கரைந்து கூழாகிறது. புழுவாய் இருந்த காலத்திலேயே இறகுக்கும் காலுக்கும் கண்ணுக்குமென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சிறு உயிரணுத் திரள்கள் அந்தக் கூழை உணவாகக் கொண்டு புதிய உடலைக் கட்டுகின்றன.

இதனை விளங்கவைக்கப் பிள்ளைகளை நம்மூர்க் கெடிகேக்கு அழைத்துச் சென்றோம். தமிழகக் கோயிற் சிற்பமுறையிற் கருங்கல்லாற் கட்டப்பெற்ற இந்தப் பழைய பௌத்த ஆலயம், ஒரு காலத்தில் தாழ்ந்த வயல்வெளியில் நின்றது. மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபொழுது நீருள் மூழ்காதபடி 1970களிலே கல் கல்லாகக் கழற்றப்பட்டு, மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. "கட்டடத்தைக் கழற்றினார்கள், அதே கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். கூட்டிலேயும் கழற்றல் நடக்கிறது. ஆனால் கழற்றியது வேறு, கட்டுவது வேறு. மண்டபத்தைக் கழற்றித் தேர் செய்வது போல" என்றோம். பிள்ளைகள் கல்லைத் தடவிப் பார்த்தார்கள். அதன்பின் கூட்டைத் தொட ஒருவரும் துணியவில்லை. உள்ளே வேலை நடக்கிறது என்று காவல் நின்றார்கள்.

பத்து நாளளவிற் கூட்டின் மேற்புறம் கருத்தது. உள்ளே இறகின் நிறம் தெரிந்தது. மறுநாட் காலை கூடு பிளந்து, நனைந்த துணி போன்ற இறகுகளோடு அது வெளிவந்து, தலைகீழாய்த் தொங்கியது. நிறமுள்ள நீர்த்துளிகள் விழுந்தன. "இரத்தம்!" என்று ஒருவன் அலறினான். இரத்தமன்று, கூட்டினுள் சேர்ந்த கழிவு. ஓரிரு மணி நேரத்தில் இறகு விரிந்து உலர்ந்தது. அச்சிறுமியின் விரலில் ஏறி அமர்ந்தது. அவள் மூச்சும் விடவில்லை. பின்பு அது எழுந்து, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு மேலாகப் போயிற்று.

குளவியும் புழுவும்

எல்லாக் கூடும் இவ்வாறு திறப்பதில்லை. அடுத்த முறை வளர்த்த கூடொன்றிலே சிறு துளை விழுந்து, சிற்றெறும்பினும் சிறிய குளவிகள் ஐம்பதுக்கு மேல் வெளிவந்தன. வண்ணத்துப்பூச்சி வரவேயில்லை. தாய்க்குளவி முன்னரே கூட்டினுள் முட்டையிட்டிருக்கிறது.

குளவி புழுவைக் கொண்டுபோய்க் கூட்டில் அடைத்து ரீங்காரம் செய்ய, புழு குளவியையே நினைந்து நினைந்து குளவியாகிவிடும் என்று நம் முன்னோர் உவமை சொல்வர். இறைவனை நினைந்து உயிர் உயர்வடைவதற்கு அஃது அழகிய உவமை. அதனை நாம் இகழவில்லை. ஆனால் கண்ணாற் கண்ட செய்தி வேறு. மண்கூடு கட்டும் குளவி புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கி, அதனைத் தன் குஞ்சுக்கு உணவாக வைக்கிறது. பிரான்சு நாட்டில் ஃபாப்ர என்னும் ஆசிரியர் 1879ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நூல்களில் வேட்டைக் குளவிகளின் இச்செயல்களைப் பொறுமையாகப் பார்த்து எழுதினார். உவமையை உவமையாகவும் உண்மையை உண்மையாகவும் கொள்ளும் பக்குவம் நம் இளைஞருக்கு வேண்டும்.

"குளவி கெட்டதா சேர்?" என்று சிறுமி கேட்டாள். குளவி இல்லையாயிற் புழுக்கள் பெருகித் தோட்டத்தில் இலை மிஞ்சாது என்றோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை நாமும் குலைக்கவில்லை.

முன் சென்றோர்

இது ஏதோ வேலையற்றவர் விளையாட்டு என்று எண்ணவேண்டாம். செருமனியிலே பிராங்பேட் நகரிற் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்னும் பெண், 1660ஆம் ஆண்டிற் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுவன என்று கற்றோரும் நம்பிய காலம் அது. அவர் வீட்டிலேயே புழுக்களை வளர்த்து, முட்டை, புழு, கூடு, பூச்சி ஆகியவற்றை உணவுச்செடியோடு சேர்த்து வரைந்தார். 1699ஆம் ஆண்டில், ஐம்பது வயது கடந்த பின், மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சுரினாம் சென்று, 1705ஆம் ஆண்டிற் பெருநூலொன்று வெளியிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குத் தெற்கே பேராதனை இருக்கிறது. அங்குள்ள தாவரவியற் பூங்காவில் ஓவியராயிருந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ். அவருடைய மக்கள் வில்லியமும் ஜோர்ஜும் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும் கூடுகளையும் வரைந்தார்கள். அவ்வோவியங்கள் 1880 முதல் 1887 வரை இலண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்த மூர் என்பாரின் பெருநூலில் இடம்பெற்றன. அழகிய இறகை மட்டும் வரைந்து நிறுத்தாமல் புழுவையும் அதே மதிப்போடு வரைந்த கைகள் இந்நாட்டுக் கைகள்.

இத்தீவில் ஏறக்குறைய 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. ஆண்டுதோறும் பருவத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக அவை கூட்டமாய்ப் பறப்பதை இந்தக் கண்டி வீதியிலே நீங்கள் கண்டிருப்பீர்கள். சிவனொளிபாத மலைக்கு அவை யாத்திரை போகின்றன என்பது மக்கள் நம்பிக்கை. சிங்கள மொழியில் வண்ணத்துப்பூச்சிக்குச் சமனலயா என்று பெயர். அம்மலைக்கும் சமனல கந்த என்றே பெயர். யாத்திரை போகும் அந்த அழகை வாழ்த்துகிறோம். ஆனால் அதன் பிள்ளைப் பருவத்தைச் செருப்பால் மிதிக்கிறோம். இது நியாயமாகுமா?

சில எச்சரிக்கைகள்

இளைஞர்களே, எதற்கும் அஞ்சாதீர் என்று நாம் சொல்லவில்லை. அஞ்சவேண்டியவற்றுக்கு அஞ்சுதல் அறிவேயாம். மயிருள்ள கம்பளிப்பூச்சியையும், தேயிலைச் செடியிற் காணும் முள்ளுள்ள புழுவையும் கையாற் தொடவேண்டாம். மயிர் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் நாடாவை ஒற்றி ஒற்றி எடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணிற் பட்டால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மட்டத்தேள், தேள், பாம்பு ஆகியவற்றிலிருந்து விலகியே நில்லுங்கள். எது தீங்கு செய்யும், எது செய்யாது என்று பகுத்தறிவதே எமது நோக்கம். எல்லாவற்றுக்கும் அஞ்சுபவனுக்கு அந்தப் பகுத்தறிவு வாய்ப்பதில்லை.

வளர்ப்பதாயின் கறிவேப்பிலை, தேசி, தோடை, வில்வம் ஆகியவற்றில் வரும் சாதாரண இனங்களை வளர்க்கலாம். எருக்கலையில் மஞ்சட்புலி நிறமான இனம் வரும். அலரியில் வரும் கரிய இனத்தின் கூடு வெள்ளிக்கிண்ணம்போல முகம் காட்டும். எருக்கலைக்கும் அலரிக்கும் நச்சுப்பால் உண்டு. தொட்டபின் கை கழுவ வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து புழுவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு நாளும் எச்சத்தை அகற்றிப் புது இலை வையுங்கள். சந்தை இலை வேண்டாம். தலையைத் தூக்கி அசையாது நிற்கும் புழு சட்டை உரிக்க ஆயத்தமாகிறது, அதனை அலைக்கழிக்காதீர்கள். இறகைப் பிடியாதீர்கள்; அதன் செதில் உதிர்ந்துவிடும். இறகு உலர்ந்தவுடன் பிறந்த செடிக்கு அருகிலேயே பறக்க விட்டுவிடுங்கள். நமது தேசிய வண்ணத்துப்பூச்சியாகிய பெரிய பொன்னிறகினம் போன்ற அரியவை சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைப் பிடிக்கவும் வேண்டாம், பெட்டியிலிடவும் வேண்டாம். அவற்றின் உணவாகிய பெருமருந்துக் கொடியை வெட்டாமல் விட்டாலே போதும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இம்மண்டபத்தின் பின்புறம் வெறும் நிலம் கிடக்கிறது. அங்கே நான்கு கறிவேப்பிலையும் இரண்டு தேசியும் ஒரு வில்வமும் நடுங்கள். மருந்து தெளியாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களை அங்கே விடுங்கள். பாதி இலை புழுவுக்கு, பாதி இலை நமக்கு என்று வைத்துக்கொள்வோம்.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். சில மாதம் சென்று அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். அவளது பாட்டி குசினி வாசலில் நின்று, "ஐயா, நீங்கள் நல்ல காரியம் செய்தீர்கள்! இப்போது கறிக்கு இலை பறிக்க என்னை விடுகிறாளில்லை. ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து, முட்டை இல்லாததைத்தான் தருகிறாள்" என்று முறையிட்டார். சிறுமி செடியருகே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளது அண்ணன்மார் இருவரும் அவளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு இன்னும் சிறிது பயம் இருக்கிறது என்று அவள் எம்மிடம் இரகசியமாகச் சொன்னாள். "நான் சிரிக்கவில்லை சேர். நாளைக்கு இலை பறிக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றாள்.

நாம் கொடுத்த அச்சத்தை நம்மால் முழுவதும் திருப்பி எடுக்க இயலாது. அன்று சன்னலோரம் உட்கார மறுத்த அந்த வகுப்புப் பிள்ளை இப்பொழுது எங்கே இருக்கிறாளோ அறியோம். ஆனால் கடனைத் தீர்க்கும் வழியொன்றை எட்டு வயதுப் பிள்ளையிடம் கற்றுக்கொண்டோம். உங்கள் வீட்டுச் செடியிலும் இன்று ஒரு முட்டை இருக்கக்கூடும். போய்ப் பாருங்கள்.

செயலாளர் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று கைகாட்டுகிறார்.